ஏழாம் துளை மண்

போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இரண்டு முழம் மல்லிகை வாங்கப் போனவள், பூவை மறந்துவிட்டு ஒரு பழைய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் கணவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று.

நீளமான, ஆழமில்லாத பெட்டி. உள்ளே நீளவாக்கில் ஐந்து தடுப்புகள். பூக்காரர் ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு சரமாக மல்லிகை, கதம்பம், துளசி என்று பிரித்து, மேலே ஈரத்துணி போட்டு வைத்திருந்தார். பூ வைக்கவே செய்த பெட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மல்லிகைச் சரத்தை எடுத்தபோது, அடியிலிருந்து மெல்ல ஒரு வாடை வந்தது. கடலோரச் சேற்றின் வாடை. கெட்டுப்போன முட்டையை எங்கேயோ தூரத்தில் உடைத்த மாதிரி இருக்கும். பூப்பெட்டியில் அது எப்படி வரும், எல்லாம் என் மூக்கின் கற்பனை என்று குனிந்து பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் நீலப் பெயின்டில் ஓர் எண். ஏழு. நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அப்படி ஏழு போடுவது என் பழக்கம். ஒன்று என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, இன்றுவரை விடவில்லை.

"அண்ணே, இந்தப் பெட்டி எங்க கெடச்சிச்சு?"

"இதாம்மா? ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு ஸ்டோர காலி பண்ணாங்க. உள்ள பூரா காஞ்ச மண்ணு. மண்ண லோங்காங்ல கொட்டிட்டு பெட்டிய தூக்கிட்டு வந்துட்டேன். நல்ல பலகைலா, கரையான் புடிக்கல."

சாக்கடையில் கொட்டிவிட்டாராம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. காய்ந்த மண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அது இந்த நாட்டின் முதல் அணுமின் நிலையம் எங்கே நிற்கலாம் என்று பார்ப்பதற்காக, பூமிக்குள் துளை போட்டு நான் எடுத்த மண் என்று நடைபாதையில் நின்றுகொண்டு அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் பூவையும் கொட்டியிருப்பார். கேட்ட காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் பேப்பரில் வருகிறதே, அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா, ஆராய்கிறோம் என்று. ஏதோ முதல் தடவை நினைத்துப் பார்ப்பது போல எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு முதல் தடவை இருந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தலையில் வெள்ளை ஹெல்மெட், நெஞ்சு நிறையக் கர்வம். மண்ணியல் இன்ஜினியர். கோலாலம்பூரில் உயரமான கட்டடம் ஒன்றில் எங்கள் அலுவலகம். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் அணு உலையின் மாதிரி ஒன்று, பாதியாக வெட்டிய பப்பாளி போல உள்ளே தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். தினமும் அதைத் துடைக்கிற மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மாக்சிக், "இது எப்ப கொதிக்கும்?" என்று மலாயில் கேட்பார். "பத்து வருஷம் பொறுங்க" என்போம். பத்து வருஷம் எப்போதோ ஆகிவிட்டது.

வீட்டில் அப்பாவுக்குத் தாங்க முடியாத பெருமை. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "மக அணு ஸ்டேஷன் கட்டுறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பலன் உடனே தெரிந்தது. கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், கேசரி சாப்பிட்டு முடித்த கையோடு, "அந்த வேலைக்குப் போனா பிள்ளை பொறக்குமா?" என்று கேட்டது. "நான் பார்க்கிறது சேறு, ஆன்டி. இன்னும் உலையே இல்ல" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா தன் டம்ளரை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. இப்போது இருப்பவர் பல் டாக்டர், எக்ஸ்ரே பழகியவர்.

என்னை அந்த வேலையில் சேர்த்தவர் செல்வா அண்ணே. இடத்தேர்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆபீஸில் மிஸ்டர் செல்வா, காடியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அண்ணே. அவரும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்தான். "நம்ம ஆளுங்க ரோடு போட்டாங்க, தண்டவாளம் போட்டாங்க, ஒருத்தன் பேரும் எங்கயும் இல்ல. இதுல நம்ம பேரு இருக்கணும் தங்கச்சி" என்பார். கேட்டதும் உடம்பு சிலிர்க்கும். சிலிர்ப்பதற்கு அந்த வயதில் ரொம்பச் செலவாகாது. அவருக்காக எந்த வெயிலிலும் நின்றேன். துபாய் பக்கம் இதே மாதிரி ஒரு திட்டத்தில் நல்ல வேலை வந்தது. "நம்ம நாட்டு உலையை விட்டுட்டு அங்க போய் என்ன பண்ணப் போற?" என்றார். போகவில்லை.

பட்டியலில் இருந்த இடங்களில் ஒன்று ஜெஞ்சாரோமுக்கு அப்பால், கடலோரமாக ஒரு பழைய செம்பனைத் தோட்டம். தோட்டத்தை விற்றுப் பல வருஷமாகியும், அங்கே வேலை பார்த்த தமிழர்கள் முப்பது குடும்பம் போல லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். வாங்கியவர்கள் யாரும் வந்து எழுப்பவில்லை, இவர்களும் எழுந்து போகவில்லை. ஆண்கள் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலைக்குப் போவார்கள். நுழைவாயிலில் பாக்கியம் ஆன்டியின் ஒட்டுக்கடை. ஐம்பது தாண்டிய, பருத்த, சத்தமாகப் பேசுகிற பெண்மணி. அந்த லயத்துக்கு ஒரு தலைவர் பேருக்கு இருந்தார். ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமென்றால் அவரும் ஒட்டுக்கடைக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

துளை போடுகிற இயந்திரம் லோரியில் வந்து இறங்கியதும் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஜப்பானில் அணு உலை வெடித்ததை டிவியில் பார்த்திருந்தார்கள். லயத்துக்கு வெளியே, தோட்டத்து நிலத்தில் ஆறு துளை போட்டு முடித்தோம். ஏழாவது, லயத்துக்கு நடுவில், முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் வரவேண்டும். அங்கே பாக்கியம் ஆன்டி குறுக்கே நின்றார்.

அந்த ஆறு துளைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்க, கம்பியை இறக்கி மேலே சுத்தியலால் அடித்து, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். அங்கே அடிக்கவே தேவைப்படவில்லை. கம்பி தன் எடையிலேயே இறங்கியது. எடுத்த மண், கஞ்சியில் கொஞ்சம் கெட்டியானது. சாம்பல் நிறச் சேறு, நடுநடுவே கிளிஞ்சல். ஆழம் போகப்போக அதே கதை. இந்தச் சேற்றில் அணு உலையை எந்தப் பைத்தியக்காரனும் வைக்கமாட்டான் என்று மூன்றாவது துளையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேண்டாம் என்று எழுதுவதற்கும் பத்துத் துளையும் முடிந்தாக வேண்டும். அறிக்கை வெளியாகும்வரை முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. அதனால் வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் இந்த ஜனங்களைப் பற்றி நிம்மதியாக இருந்தேன். இவர்களைக் காப்பாற்ற இந்தச் சேறே போதும் என்று நினைத்தேன்.

பாக்கியம் ஆன்டி என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பேப்பர்ல எழுதுறதெல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா? தோட்டத்த விக்கிறப்பவும்தான் பேப்பர் குடுத்தாங்க. நீ தமிழ்ப் புள்ள. எங்களுக்குச் சொல்லாம இங்க ஒண்ணும் கட்டமாட்டீங்கன்னு முனியாண்டி முன்னால சூடம் அணைச்சு சொல்லு. அப்புறம் எங்க வேணும்னாலும் ஓட்ட போட்டுக்க."

நான் செல்வா அண்ணேயைப் பார்த்தேன். "பண்ணு தங்கச்சி. சாமிதானே" என்றார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் முனியாண்டி. ஒரு கல், அதில் மஞ்சள் துணி, முன்னால் நட்டு வைத்த அரிவாள். வாழையிலைத் துண்டில் சூடம் ஏற்றினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி, அறிவியல் படித்தவள் செய்யக்கூடாத காரியத்தை ஒரு கூச்சமும் இல்லாமல் செய்தேன். "உங்களுக்குச் சொல்லாம இந்த மண்ணுல யாரும் ஒரு கல்லு வைக்க மாட்டாங்க" என்று உரக்கச் சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். சுட்டது. கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். விடை தெரிந்த கேள்விக்குத்தானே கை தூக்குகிறோம் என்ற தைரியம் எனக்கு. அப்படி ஒரு சத்தியத்தை இன்ஜினியர்தான் செய்யமுடியும். மற்றவர்கள் சாமியை நம்பிச் செய்வார்கள், நான் சுத்தியல் அடியை நம்பிச் செய்தேன்.

செல்வா அண்ணே கைபேசியில் அதைப் படம் எடுத்தார். பிறகு எல்லாருக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். வாங்கியவர்கள் வரிசையாகப் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "வந்தவங்க லிஸ்ட் ஆபீஸுக்கு வேணும்" என்றார் அண்ணே. கடைசியில் சாட்சி என்ற இடத்தில் என்னையும் போடச் சொன்னார். போட்டேன். அன்றைக்கு எடுத்த மண்தான் ஏழாம் பெட்டி. பெயின்டில் எண் எழுதும்போது உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. பாக்கியம் ஆன்டி தன் கடையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து கையில் வைத்தார்.

பத்துத் துளையும் முடிந்து, இடம் பொருத்தமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது மேலே போய்ச் சேர்வதற்குள் மேலேயே காற்று மாறிவிட்டது. ஒரு காலையில் போனால் எல்லாருடைய மேசையிலும் ஒரு பக்கக் கடிதம். திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடப்படுகிறது, சேவைக்கு நன்றி. கண்ணாடிக் கூண்டிலிருந்து உலையை எடுத்துப் பிளாஸ்டிக் சுற்றி லிப்டில் ஏற்றினார்கள். மாக்சிக் வெறும் கூண்டையும் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அழுகை வந்தது. செல்வா அண்ணே அழவில்லை. கடிதம் வந்த அன்றே அவர் மேசை காலியாக இருந்தது. முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் மேசை அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பது எனக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. துபாய்க்காரர்களுக்கு மறுபடி எழுதிப் பார்த்தேன். ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். மண்பெட்டிகளையும் அறிக்கைகளையும் அண்ணே "பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்று உண்மை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

நான் கட்டட அஸ்திவாரங்களுக்கு மண் பார்க்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் பாக்கியம் ஆன்டி போன் செய்தார்.

"ஏம்மா, சொல்லாம கல்லு வைக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே? வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. வேர்ஹவுஸ் கட்டப் போறாங்களாம். நாங்க போறதுக்கு ஒத்துக்கிட்டோம்னு பேப்பர் காட்டுறான். அதுல எங்க கையெழுத்து இருக்கு. உன் கையெழுத்து இருக்கு. நீ சூடம் அணைக்கிற போட்டோவும் இருக்கும்மா."

நாசி லெமாக் லிஸ்ட். அதற்கு முன்னால் யாரோ இன்னொரு தாளைச் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். வெளியேறச் சம்மதம் என்று மலாயில் அடித்த தாள்.

செல்வா அண்ணே அப்போது அந்த வேர்ஹவுஸ் கம்பெனிக்கு ஆலோசகர். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரசத்துக்கு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"புரோஜெக்ட் போச்சு தங்கச்சி. டேட்டா வீணா போகலாமா? உன் ரிப்போர்ட் இல்லன்னா பைல் தூணு எவ்ளோ ஆழம் அடிக்கணும்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னான்."

"அண்ணே, நான் சூடம் அணைச்சேன்."

"அணு உலைக்குத்தானே அணைச்சே? இது வேர்ஹவுஸ்லா. உன் சத்தியத்த யாரும் மீறல."

சொல்லிவிட்டு இலையை ஒழுங்காகத் தன் பக்கம் மடித்தார். சாப்பாட்டில் திருப்தி என்று அர்த்தம். எனக்கு அவரை அந்த மேசையிலேயே அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. என் இலையில் சோறு அப்படியே இருந்தது, அதை மட்டும் அவருக்கு எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். என் வீரம் அவ்வளவுதான். அணு உலைக்கு ஆகாத சேறு வேர்ஹவுஸுக்குத் தாராளமாக ஆகும். ஆழமாகக் கான்கிரீட் தூண் இறக்கினால் போதும். அது எனக்குத் தெரியாததா? தினமும் அதைத்தான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனங்களுக்குக் காவல் என்று நான் நினைத்த சேற்றை, எங்கே எவ்வளவு ஆழம் என்று துளைத்துக் காட்டியதும் நானே.

இதுவரை செல்வா அண்ணேயைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது. இனிமேல் சொல்வதுதான் கஷ்டம்.

பாக்கியம் ஆன்டி ஆட்களைச் சேர்த்து மனு போட்டார். நில அலுவலகத்தில் விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். "நீ வந்து ஆபீசர் முன்னால ஒரு வார்த்த சொல்லும்மா. அது வந்தவங்க லிஸ்ட், வேற ஒண்ணுமில்லன்னு. அது போதும்" என்றார். வருகிறேன் என்றேன். பழைய வேலையில் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்த தாள் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் படித்தேன். என் புதிய கம்பெனிக்கு வேலை கொடுப்பவர்களில் அந்த வேர்ஹவுஸ்காரர்களும் உண்டு. அன்று காலையில் காடியை எடுத்தேன். ஷா ஆலம் வரை போனேன். ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, ஒரு மைலோ டின் வாங்கிக் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திரும்பி வேலைக்குப் போய்விட்டேன். போனை அணைத்து வைத்தேன்.

அவர்களை எழுப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு முகம் காட்டத் துணிச்சல் வந்தது. போர்ட் கிள்ளானில் அடுக்குமாடி வீடு ஒன்றில் மகனோடு இருந்தார் பாக்கியம் ஆன்டி. கீழே படிக்கட்டுக்கு அடியில், சைக்கிள்களுக்கு நடுவே, முனியாண்டிக் கல்லை வைத்திருந்தார்கள். அரிவாளை வைக்கக்கூடாது என்று கட்டட நிர்வாகம் சொல்லிவிட்டதாம். வெறும் கல்லும் மஞ்சள் துணியும். நான் கும்பிடக் கையெடுத்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். அந்தச் சத்தமான மனுஷி தணிந்த குரலில் பேசினார்.

"நீ வருவன்னு பக்கத்துல ஒரு நாற்காலி புடிச்சு வெச்சிருந்தோம்மா. ஆபீசர் ரெண்டு தடவ கேட்டாரு, அது யாருக்குன்னு. வந்துக்கிட்டு இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

தே போட்டுக் கொடுத்தார். சர்க்கரை எனக்கு எவ்வளவு என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. குடித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

பூப்பெட்டியைத் தேய்த்துக் கழுவிப் பால்கனியில் காயப்போட்டிருக்கிறேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. நேற்று சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு போன். புதிதாகத் தொடங்கும் அணுமின் திட்டத்தில் வேலை செய்கிற பெண், கவிதா என்று பெயர் சொன்னாள். நல்ல துறுதுறுவென்ற குரல். பழைய அறிக்கையில் என் பெயரைப் பார்த்தாளாம்.

"அக்கா, பழைய சைட் லிஸ்ட்ட எல்லாம் திரும்பப் பாக்குறோம். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு சைட்ல மக்கள் ஆதரவு ரொம்ப குட்னு போட்டிருக்கு. நீங்க அவங்க கும்புடுற எடத்துல நிக்கிற போட்டோகூட இருக்குக்கா, சோ நைஸ். அங்க இப்ப யாரைப் போய்ப் பாத்துப் பேசணும்?"

சேற்றைப் பற்றிச் சொன்னேன். அது தெரியும், இப்போதெல்லாம் அதற்கு வழி இருக்கிறது என்றாள். பிறகு அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"அங்க லயம் இல்லம்மா. ஒட்டுக்கடை இல்ல. கோயில் இல்ல, அந்தத் தூங்குமூஞ்சி மரம் இல்ல. எல்லாம் வேர்ஹவுஸ். பேசுறதுக்கு ஒருத்தரும் இல்ல."

கீபோர்டில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓ, ஆளுங்க யாரும் இல்லையா?" என்றாள். "அப்ப சுலபம்லா, அக்கா."

அவள் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.